கழன்று போன கால்கள்



அமெரிக்காவின் நெவாடாவைச் சேர்ந்த ஏமி பர்டிக்குப் பனிச்சரிவில் பலகைமேல் நின்று சறுக்குவது உயிர். 19 வயதில் மூளைக்காய்ச்சல் கிருமி அவரைத் தாக்கியது. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. சிறுநீரகங்களும் செயலிழந்தன.

செயற்கைக் கால்களோடு மீண்டும் சறுக்கியபோது விழுந்தார். கால்கள் கழன்று, பலகையோடு சரிவில் ஓடிவிட்டன! பிறகு கால் செய்பவரும் அவரும் சேர்ந்து மரம், ரப்பர், துருப்பிடித்த போல்ட்டுகள் கொண்டு சறுக்குவதற்கேற்ற பாதங்களை உருவாக்கினார்கள். 21 வயதில் தந்தை தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். 2014இல் சோச்சி பாராலிம்பிக்கில் வெண்கலம். 2018இல் பியோங்சாங்கில் வெள்ளியும் வெண்கலமும் வென்றார்.

ஆனால், போன கால்கள் திரும்பவில்லை. மூன்று முறை மன்றாடியும் புனித பவுலின் முள் நீங்கவில்லை. உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயங்கள் இருந்தன.

எத்தனையோ நவநாள் செய்தும் குணமாகாதவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஏமியிடம் இறையருள் ஒரு தந்தையின் சிறுநீரகமாக, ஒரு தொழிலாளியின் கைவேலையாக வந்தது. இந்த வாரம் அது உங்கள் வழியாக யார் வீட்டுக்குப் போகவேண்டும்? ஆமென்.