அயல் விளையில் மேயும் கோழி
(திருவட்டாற்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோதையாறும் பரளியாறும் சூழ்ந்த திருவட்டாற்றில், ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்ட ஊரில், கோழியைப் பற்றியா பேச வேண்டும் எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், அடுத்தடுத்த வீட்டார் பேச்சுவார்த்தையின்றி இருப்பதன் காரணத்தை விசாரித்தால், பல இடங்களில் ஒரு கோழியிற் சென்று முடியும்.

நம் பகுதியில் வீடுகள் தெருவாக நெருங்கி நிற்பதைவிட, அவரவர் விளையின் நடுவே அவரவர் வீடு அமைவதே பழைய வழக்கம். அவ்விளைகள் பாகம் பிரிந்து பிரிந்து பத்து சென்ட், ஐந்து சென்ட் எனச் சுருங்கிவிட்டன. கோழியோ சர்வே கல்லை அறியாது. காட்டில் சருகைக் கிளறிப் புழுவும் விதையும் பொறுக்கிய காட்டுக்கோழியின் வழிவந்தது அது. புதிதாகக் கொத்தி மரச்சீனிக் கம்பு நட்ட மண்ணும், கீரை விதைத்த பாத்தியும் அதற்கு விருந்தாகிவிடுகின்றன.

மாடாயின் பட்டியில் அடைக்கலாம். 1871-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கால்நடை அத்துமீறல் சட்டம் யானை, ஒட்டகம் முதல் ஆடு, பன்றி வரை பெயர் சொல்லிக் குறித்தது, கோழியைக் குறிக்கவில்லை. பட்டியும் இல்லை, அபராதமும் இல்லை என்ற நிலையில், சினங்கொண்டவர் கல்லை எடுக்கிறார். சிலர் நஞ்சு கலந்த அரிசியை இறைக்கவும் துணிகின்றனர். அது குற்றமாகும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, பிராணியை நஞ்சிட்டுக் கொல்வோருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. மேலும், இறைத்த அரிசியைக் குழந்தையும் எடுத்து வாயிலிடலாம் அல்லவா?

"நட்டவர் தாமே வேலி கட்டிக்கொள்ளட்டும்" என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முட்டை ஒருவர்க்கு, வேலிச் செலவு மற்றவர்க்கு என்பது என்ன நியாயம்? கோழி வளர்ப்பவரே முதலில் முயல வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கோழி அலைவதற்கு முதற்காரணம் பசி. தவிடும் நொய்யும் மட்டும் பெறும் கோழி, பூச்சியிலுள்ள புரதத்தை நாடி எல்லை தாண்டும். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துணுக்கு ஆகியவற்றை இட்டு, நீர் தெளித்து, மாலையில் கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அது சிறந்த தீனி. மரக்கூரையுள்ள வீட்டின் அருகே மட்டும் அப்பானையை வைக்கலாகாது. விளையின் ஓரமே தக்க இடம்.

கூட்டைத் திறக்கும் நேரத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான கோழிகள் முற்பகலில் முட்டையிடுவதால், காலை பத்து மணி வரை தீனியும் நீரும் வைத்து அடைத்திருப்பது நன்று. அயலாரின் வைக்கோற்போரில் ஒளித்து முட்டையிடுவது இதனால் குறையும். மாலைத் தீனியை நாள்தோறும் ஒரே வேளையில் கூட்டின் அருகே இட்டுப் பழக்கினால், அழைத்தவுடன் ஓடிவரும்.

வேலியமைப்போர் அதன் உச்சியில் குறுக்குக் கழி வைக்கலாகாது. கோழி பெரும்பாலும் நேரே தாண்டுவதில்லை. உச்சியில் ஏறி அமர்ந்த பின்னரே அப்பால் குதிக்கும். அப்படியும் அடங்காத கோழிக்கு ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்தால் போதும். இருபுறமும் வெட்டினால் சமநிலை கெடாமல் ஓரளவு பறந்துவிடும். இரத்தம் ஓடும் இளம் இறகை வெட்டக்கூடாது. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தபின் மீண்டும் வெட்ட வேண்டியிருக்கும். நாய்த் தொல்லை மிகுந்த இடத்தில் இம்முறையை நான் சொல்லமாட்டேன். பறக்க இயலாத கோழி தப்பிக்கவும் இயலாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மரச்சீனி நட்டு வேர்பிடிக்கும் வரையிலும், கீரை முளைத்து மூன்று வாரம் வரையிலும் அவ்வட்டாரத்தார் அனைவரும் கோழியை அடைத்து வைப்பதெனக் கிராம சபையில் பேசி ஒத்துக்கொள்ளச் செய்யலாம். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியையும் வீடுதோறும் ஒரே நாளில் போடச் செய்யலாம். அலையும் கோழி அந்நோயையும் உடன் கொண்டு செல்கிறது. அதனால் பாத்தியே இல்லாத அயலாருக்கும் இதில் நட்டமுண்டு.

அயல் விளையில் கோழியிட்ட முட்டை யாருக்குரியது என்று தாய்மார் சிலர் கேட்பதுண்டு. கிளறிய பாத்திக்கு ஈடாக அதை அங்கேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.