சுங்கக் காவலரின் பழைய அங்கி



அஞ்சல் தலை சேர்ப்போர் நம் குடியிருப்பிலேயே உண்டு. ஜெர்மன் சுங்கத் துறையின் பழைய சீருடைகளைச் சேர்ப்போரும் உலகில் இருக்கின்றனர் என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அது வெறும் பொழுதுபோக்கன்று.

1834-இல் ஜெர்மன் அரசுகள் பல ஒரே சுங்க ஒன்றியமாக இணைந்தன. பேரரசு தோன்றியதோ 1871-இல். நாடு ஒன்றாகுமுன் சுங்கம் ஒன்றாகிவிட்டது! ஹாம்பர்க் துறைமுகம் 1888 வரை அந்த எல்லைக்குள் வரவில்லை. அந்நகரில், முன்பு சுங்க அலுவலகமாக விளங்கிய கட்டடத்தில், 1992 முதல் சுங்க அருங்காட்சியகம் நடைபெறுகிறது. நாடு பிரிந்திருந்த காலத்து மேற்கின் பச்சையும் கிழக்கின் சாம்பல் நிறமும் சேகரிப்போர் நன்கறிந்தவை. 1990-இல் நாடு இணைந்தபின் கிழக்கின் அங்கிகள் பழம்பொருள் சந்தைகளில் மலிந்தன. அவற்றை வாங்குவதில் சிக்கலில்லை.

சிக்கல் 1933 முதல் 1945 வரையிலான அங்கிகளில்தான். யூத மக்கள் உயிர் பிழைக்க வெளியேறிய 1938, 1939 ஆம் ஆண்டுகளில், அவர்கள் எடுத்துச் செல்ல விடப்பட்ட பணம் 10 மார்க். பொன்னையும் வெள்ளியையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென 1939 பிப்ரவரியில் ஆணை பிறந்தது. மணமோதிரம் போன்ற சிலவே விலக்கு. அவர்களுடைய பெட்டிகளைத் திறந்து துழாவியவர்கள் சுங்க அதிகாரிகளே. நாமும் ஒரு வீட்டையே பெட்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர்விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் நாம் விரும்பி வந்தோம்.

போருக்குப் பின் நாஜிச் சின்னங்கள் தடை செய்யப்பட்டன. துணிப் பஞ்சம் மிக்க அந்நாளில், சின்னத்தைப் பிரித்தெறிந்துவிட்டு அதே அங்கியைப் பலர் உடுத்தினர். அதனால் சில அங்கிகளில் நூல் பிரிந்த தழும்பும், வெயில் படாத துணியின் அடர்ந்த நிறமும் எஞ்சியிருக்கும். சின்னமுள்ள அங்கிக்கு விலை மிகுதி என்பதற்காக, அந்த இடத்தில் போலிச் சின்னத்தைத் தைத்து விற்கும் வணிகரும் உளர். இதை நான் வெறும் ஏமாற்று என்று மட்டும் கருதவில்லை; ஒரு சாட்சியை அழிப்பதாகவே கருதுகிறேன். அத்தகைய சின்னத்தைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் இன்றும் குற்றம். கல்வி, ஆராய்ச்சி, கலை போன்றவற்றிற்கே விலக்கு உண்டு.

நல்ல சேகரிப்பாளர் முதலில் உள்பையைப் பார்ப்பார். தையற்காரர் ஒட்டிய துணுக்கில் உடுத்தியவரின் பெயர் சில வேளை கிடைக்கும். பின்னர்க் கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காதபடி விரித்து வைப்பார். பொத்தான் குறைந்திருந்தால் குறைந்தே இருக்கட்டும், புதியது தைக்கமாட்டார். அந்தத் தழும்பின் மேல் ஊசியும் படாது.