வலிப்பும் புரையேறுதலும்

(பாவூர்சத்திரத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது காய்கறிச் சந்தையில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் என்ன நடக்கிறது? ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். மற்றொருவர் சோடாவை வாயில் ஊற்றுகிறார். வலிப்போ பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். புகழ் சாவிக்குப் போய்விடுகிறது! சாவியினால் பயனில்லை, சோடாவினால் உயிருக்கே ஆபத்து உண்டு.

தொண்டையில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அருகருகே உள்ளன. விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ளும். ஒரு வாய்க்காலின் மடையை அடைத்து மற்றதில் நீர் பாய்ச்சுகிறோம் அல்லவா, அது போன்றதே இது. நினைவிழந்தவருக்கு இந்த மடை சரிவர அடைபடுவதில்லை. ஊற்றிய நீரும், எச்சிலும், வாந்தியும் நுரையீரலுக்குள் இறங்கி, மூச்சை அடைக்கலாம், நிமோனியாவை உண்டாக்கலாம். ஆகவே, வாயில் எதையும் இடாதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் கூடாது, மாத்திரையும் கூடாது. 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களில் பலருக்கு வலிப்பும் உண்டு. சாதாரண நாளிலும் விழுங்கும் ஆற்றல் குறைவு. தாய்மார்கள் நீட்டிய கால்களின்மேல் குழந்தையை மல்லாக்கக் கிடத்திப் பாலாடையால் கஞ்சி புகட்டுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அந்தக் கிடையில் கஞ்சி மூச்சுக்குழலுக்கே எளிதில் இறங்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைச் சற்றே முன்சாய்த்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியபின் மறுவாய் கொடுக்க வேண்டும். உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்க வைக்கலாகாது. சிலருக்குப் புரையேறினாலும் இருமல் வராது. உண்டபின் குரல் கரகரப்பதும், அடிக்கடி சளிக்காய்ச்சல் வருவதுமே அடையாளம். அத்தகையவரைத் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வலிப்பு நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் முறையான மருந்தினால் வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும், சில மாதம் வலிப்பு வராவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம்; நின்ற வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். திருமணம் தடைப்படும் என்று நோயை மறைப்போரும் உளர். வலிப்பைக் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாததாக்க இடமளித்த விதி 1999-லேயே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே வருகிறது. உங்கள் வார்டில் படுக்கையிலேயே கிடப்பவர் எவர், எந்த வீட்டில் என்பதை உறுப்பினராகிய நீங்களே அறிவீர்கள். அடுத்த கிராமசபைக்கு முன்பே அந்த வீடுகளின் விவரத்தைச் சுகாதார ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள்.