மலையூரில் ஓய்வுக்காலம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

(நமது சங்கத்தின் மூத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் இந்தத் தலைப்பைக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் இரண்டு தம்பதிகள் ஃப்ளாட்டை விற்றுவிட்டு நீலகிரியில் வீடு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மனைவியும் கோத்தகிரியில் வாடகை வீடெடுத்து இரண்டு முறை தங்கியிருக்கிறோம். ஒரு முறை மே மாதம், ஒரு முறை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால் என்னைப் பேசச் சொன்னார். வங்கியில் கிளார்க்காக இருந்தவனுக்கு எதையும் வரவு, பற்று என்று பிரித்து எழுதினால்தான் மனசு சமாதானமாகும்.

முதலில் வரவு. ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டர் உயரத்தை ஒட்டிய ஊர்கள். நாம் இங்கே ஏசி ரிமோட்டைத் தேடும் மே மாதத்தில் அங்கே போர்வையைத் தேடுகிறோம். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி பக்கத்தில் கன்னேரிமுக்கில் வீடு கட்டிக்கொண்டது சும்மா இல்லை. அடுத்தது காற்று. நம் தாம்பரமும் ஒரு காலத்தில் நல்ல காற்றுக்குப் பெயர் போன இடம்தான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய் சானடோரியத்தை இங்கேதான் தொடங்கினார். இன்று அந்தக் காற்று ஜிஎஸ்டி ரோட்டுப் புகையோடு சேர்ந்து வருகிறது. மலையில் இரவு நல்ல தூக்கம். காலையில் நடந்தால் வேர்வை இல்லை. கேரட்டும் கோஸும் தோட்டத்திலிருந்து நேராக வருகின்றன.

இப்போது பற்று. ஐந்து பதிவு இருக்கிறது.

ஒன்று, உடம்பு. 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்குப் பழகிவிடும். இதய நோய், நுரையீரல் நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. முழங்காலையும் கேளுங்கள். அங்கே எந்தத் தெருவும் சமதளம் இல்லை. பல வீடுகளுக்கு ரோட்டிலிருந்து நாற்பது, ஐம்பது படி இறங்க வேண்டும்.

இரண்டு, மழை. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நம் ஊர் ஒழுங்கா என்று கேட்பீர்கள். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது, முடிச்சூர் மூழ்கியது, மறக்கவில்லை. ஆனால் நமக்கு வெளியேறப் பல வழி உண்டு. மலையில் இருப்பது இரண்டு மூன்று பாதைதான்.

மூன்று, மருத்துவம். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கை கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். அது பெரிய மாற்றம், வரவிலும் எழுதலாம். இருந்தாலும் பல பெரிய சிகிச்சைகளுக்குக் கோவைக்குத்தான் போக வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. பென்ஷன்தாரர்கள் தங்கள் இன்ஷூரன்ஸில் கேஷ்லெஸ் வசதி எந்த ஊரில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, நிலம். மலையில் கட்டடத்துக்குத் தனி விதிகள். கூடலூர் பக்கம் 1969-ம் வருட ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் இன்னும் தீராத நிலங்கள் இருக்கின்றன. மசினகுடி பக்கம் யானை வழித்தடம் உண்டு. அரசு அதை அறிவித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 'வியூ நன்றாக இருக்கிறது' என்பது வில்லங்கச் சான்றிதழ் ஆகாது.

ஐந்து, பேரக்குழந்தைகள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும் என்று ஆக்கினார்கள். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். பள்ளிக்கூட லீவு எப்போது? அதே மே மாதம்தான்.

இந்த ஐந்தையும் சமாளித்துவிடலாம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆறாவது. ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கும்போது கணவன் மனைவி எல்லோரும் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்ற கட்டத்தில் டிக் போடுவார்கள். இருவரில் ஒருவர், அல்லது உயிரோடு இருப்பவர் இயக்கலாம் என்று அர்த்தம். யோசிக்காமலே போடுவோம். பணத்துக்குப் போடும் அந்த டிக்கை வீட்டுக்குப் போட மறந்துவிடுகிறோம். இருவராக இருக்கும்வரை மலையின் அமைதி சுகம். ஒருவர் போன பிறகு மற்றவர் அந்த வீட்டை 'இயக்க' முடியுமா?

இரண்டாவது முறை தங்கியபோது நவம்பரில் ஒரு கல்யாணத்துக்காக நான் மட்டும் கோவைக்கு இறங்கினேன். மரம் விழுந்து, மண் சரிந்து, மூன்று நாள் திரும்ப முடியவில்லை. மேலே கரண்ட் இல்லை, போனும் சரியாகக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா சாப்பாடு கொடுத்து, ராத்திரி துணைக்குத் தன் மகளையும் அனுப்பியிருக்கிறார். நான் வந்ததும் மனைவி சொன்னாள்: "குளிரும் காட்டெருமையும் பழகிடுச்சு. ஆனா இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கதவுதான். அவங்க ஊருக்குப் போயிருந்தா? பீர்க்கன்கரணைல நம்ம பிளாக்ல பதினஞ்சு கதவு இருக்கு."

ஆகவே என் யோசனை இதுதான். வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருங்கள். மே மாதத்தில் அல்ல, நவம்பரில். அதில் ஒரு வாரம் கணவர் இங்கே வந்துவிட்டு மனைவி தனியாக இருக்கட்டும், இன்னொரு வாரம் மாற்றிப் பாருங்கள். வீடு பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கமாக இருக்கட்டும், வியூ சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. இங்குள்ள ஃப்ளாட்டை இரண்டு வருஷமாவது விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். சொந்தபந்தம் மலையில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு, தைரியமாகப் போகலாம். நாங்கள் வெயில் காலத்துக்கு மட்டும் வாடகைக்குப் போய்வருவது என்று முடிவு செய்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. என் மனைவி நம்பிச் சொன்ன பதினைந்து கதவில், ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டினால் திறக்கக்கூடியது எத்தனை? தனியாக இருக்கும் மூத்தவர்கள் நம் குடியிருப்பில் ஏற்கெனவே ஏழு பேர். அவர்களின் மருந்துப் பட்டியல், பிள்ளைகளின் போன் நம்பர், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம், இவற்றைச் சங்கம் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நோட்டை எழுதும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். பேரேடு எழுதிப் பழகிய கைதானே.