பாடு இருக்கு, இறால் எங்கே?

நடுவர் அவர்களே! 'டிவிடெண்டு, மாசச் சம்பளம் மாதிரி'ன்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொல்லிட்டுப் போனார். நான் பழவேற்காட்டுக்காரன். எங்க ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. இன்னைக்கு எந்த இடத்துல யார் வலை போடணும்னு முறைவைத்துப் பிரிச்சுக்குவோம். பாடு என் உரிமைதான். ஆனா முகத்துவாரத்தை மணல் மூடிட்டா? பாடு இருக்கும், இறால் இருக்காது! (சிரிப்பு, கைதட்டல்)

பங்கும் அப்படித்தான் ஐயா. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், மார்ச்சோடு முடிந்த ஆண்டின் லாபத்திலிருந்து இனி ஈவுத்தொகை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. லாபம் வந்த வங்கியும் கொடுக்க முடியலை. அதை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வச்சவர் கதி? டெபாசிட் வட்டி வரலைன்னா கவுன்ட்டர்ல போய்க் கேட்கலாம். ஈவு வரலைன்னா யாரைக் கேட்பீங்க?

பங்கே வாங்காதீங்கன்னு சொல்லலை. ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு டெபாசிட்ல போட்டுட்டு வாங்குங்க. நாங்களும் வீட்டுல கருவாடு வச்சுட்டுத்தான் ஏரிக்குப் போறோம்! (பலத்த கைதட்டல்)