இடி சொன்ன மூன்று சொற்கள்

ராகலையின் தேயிலைச் சரிவுகளில் பிற்பகலில் இடி முழங்குமாயின், கொழுந்து பறிப்போர் மழை வருகிறதென்று அறிவர். அம்முழக்கத்தை அறவுரையாகக் கேட்ட கதையொன்று பிருகதாரணியக உபநிடதத்தில் உண்டு. உபதேசம் வேண்டி நின்ற மூவகையாருக்கும் பிரசாபதி கூறியது 'த' என்னும் ஓரெழுத்தே. அதனைத் தேவர் 'அடங்குக' என்றும், மானிடர் 'கொடுக்க' என்றும், அசுரர் 'இரங்குக' என்றும் கொண்டனர். எழுத்து ஒன்று, அவரவர் குறைக்கேற்பக் கடமை வேறு.

ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் வடமொழியும் இந்தியத் தத்துவமும் பயின்ற ரி. எஸ். எலியட், 1922இல் வெளிவந்த 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையின் இறுதிப் பகுதியில் இக்கதையை எடுத்தாண்டார். முதலாம் உலகப் போரின்பின் வறண்டு கிடந்த ஐரோப்பிய உள்ளமே அவர் கண்ட பாழ்நிலம். ஆயினும் வரிசையை மாற்றினார். கொடுத்தல் முன்னும், இரங்கல் இடையிலும், அடங்கல் இறுதியிலும் நின்றன. மானிடருக்குரிய கடமையே முதலிடம் பெற்றது; அது தற்செயலன்று எனலாம்.

1941இல் வெளிவந்த மற்றொரு கவிதையில் அவர் கீதைக்குச் சென்றார். போர்க்காலத்தில், வினையின் பயனைக் கருதாதே என்ற கண்ணன் வாக்கை நினைவூட்டினார். இங்கேதான் மலைநாட்டு வாசகர் சற்று நிற்கவேண்டும். கண்ணன் அவ்வுபதேசத்தைச் செய்தது வில்லேந்திய அரசகுமாரனுக்கு. கொழுந்துக்கூடை சுமப்பவளுக்கு அதையே ஓதுவது அறமாகாது. பயனைத் துறத்தல் வேறு. பயன் பறிக்கப்படுதல் வேறு. கையில் இல்லாததை எவர் துறத்தல் கூடும்?

இவ்வேறுபாட்டை உணர்ந்து பாடியவர் மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர், மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றோராக்கியதைக் கண்டார். அதன் எச்சங்களைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையைச் சக்தீ அ. பாலையா தமிழாக்கினார். அக்கவிதை தொழிலாளரை நோக்கிக் 'கொடுக்க' என்று சொல்லவில்லை. அவர்கள் கொடுத்து முடித்தவர்கள். 'இரங்குக' என்ற சொல்லைக் கேட்கவேண்டியோர் கொழுந்தின் பயனை உண்டோரே. காட்டை வெட்டித் தேயிலை நட்டு மாண்டோருக்குக் கல்லறையும் இல்லை, அவரைப் பாடுவாரும் இல்லை என்பதே அக்கவிஞரின் ஆற்றாமை. அவர்கள் உடலுக்கு மேல் தேயிலைச் செடி தளிர்த்து நிற்கிறது.