மீட்பும் கைகொடுக்காதபோது

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பள்ளிக் கணினி இயங்க மறுத்தால் பலரும் உடனே 'ரீசெட்' கொடுத்துப் பார்க்கிறோம். அதுவும் பாதியில் நின்று, "சிக்கல் ஏற்பட்டது, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை" என்று திரையில் வந்தால் பதறிவிடுகிறோம். மாற்றம் எதுவும் இல்லை என்பது நல்ல செய்தி. உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன என்று பொருள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். லேத் தகராறு செய்தால் பவரை நிறுத்தி, ஜாப்பைக் கழற்றி வைத்த பிறகே ஸ்பேனரை எடுப்பார்கள். நமக்கும் வரிசை அதுதான்: முதலில் கோப்புகள், அடுத்து ஹார்டு டிஸ்க், கடைசியில் விண்டோஸ்.

சென்ற அரையாண்டுத் தேர்வின்போது, எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிப்பெண் பட்டியல் இருந்த கணினி நின்றுபோனது. மூன்று முறை ரீசெட் செய்தும் பயனில்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா சார்?" என்று தலைமையாசிரியை தொலைபேசியில் கேட்டார். "வேண்டாம் டீச்சர், ஆஃப் பண்ணி வையுங்க, வர்றேன்" என்றேன். உபுண்டு லினக்ஸ் பதிந்த பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கினோம். எதையும் நிறுவாமலே கோப்புகள் கண்ணில் பட்டன. அவற்றை வேறொரு டிரைவில் நகலெடுத்த பிறகுதான் கோளாறைத் தேடினோம். ஹார்டு டிஸ்க் தேய்ந்துபோயிருந்தது. அழித்துப் புதிதாக நிறுவியிருந்தால் மதிப்பெண்களும் போயிருக்கும், கணினியும் மீண்டும் நின்றிருக்கும்.

லினக்ஸில் டிஸ்க் பூட்டப்பட்டதாகக் காட்டினால், பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி தேவை. அதை இன்றே தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

நகலெடுத்தாயிற்று. இனிக் காரணம் தேடலாம்.

டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி வந்தால் அதை மாற்றுவதே வழி. ஒலி இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டிஸ்க் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். கணினியில் தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதனால் அடிப்படை அமைப்புகள் மாறி விண்டோஸ் தொடங்காமல் போவதுண்டு. ஆய்வகக் கணினி பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தால் நீங்கள் திறக்காதீர்கள். புகாரைப் பதிவு செய்யுங்கள்.

சில வேளைகளில் கோளாறு நம் கணினியிலேயே இருக்காது. 2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பால், விண்டோஸ் 10இலும் விண்டோஸ் 11இன் சில பதிப்புகளிலும் ரீசெட் வசதியே தோல்வியடைந்தது. ஆகஸ்ட் 19 அன்று திருத்தம் வெளியிட்டார்கள். ஆகவே, கடைசியாக எந்தப் புதுப்பிப்பு வந்தது என்று பாருங்கள். பிழை எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

டிஸ்க் நலமாக இருந்தும் ரீசெட் நடக்கவில்லையென்றால், மீட்புக்கான கோப்புகளே பழுதாகியிருக்கலாம். வேறொரு கணினியில், 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் நிறுவு கருவியைத் தயாரித்து, அதிலிருந்து புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் விண்டோஸ் 11 போடலாம்; தாங்காதென்றால் லினக்ஸ் நல்ல மாற்று.

இறுதியாக ஒன்று. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நம் பகுதி மறக்கவில்லை. கணினிக்குப் பக்கத்து பீரோவில் வைத்த நகலும் அதே தண்ணீரில்தான் நனையும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நகல் எடுத்து மாடி அறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் ஆபத்துக்கு உதவாது. இந்த வாரம் யார் நகலெடுக்க வேண்டும் என்பதைப் பெயருடன் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.